ஆல்ட், ஈ, எஸ், வி

மென்பொருளைத்தான் சோதிக்கிறோம், உங்களை இல்லை
என்று மைக்கில் நூற்றுப் பதினோராம் முறையாகச் சொன்னேன்.
டாக்னி ஆசென் நம்பவில்லை.
யாரும் நம்பியதில்லை.
ஈரக் கோட்டை நாற்காலி முதுகில் போட்டுவிட்டுக்
கண்ணாடியைப் பார்த்து முடி ஒதுக்கினாள்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருட்டில்
ஆறு பேர் பிட்சா தின்றுகொண்டிருந்தோம்.

போர்ட் ஏஞ்சலிஸில் ஒரு மர ஆலை.
இருநூற்று நாற்பது பேருக்கு
வெள்ளிதோறும் சம்பளம் போடுகிறவள்.
விடிகாலைப் படகு பிடித்துச் சியாட்டில் தாண்டி வந்திருந்தாள்,
எழுபத்தைந்து டாலருக்கும்
எங்கள் கம்பெனிக் கோப்பை ஒன்றுக்கும்.

இதற்குமுன் என்னென்ன, என்று முதலில் கேட்பது வழக்கம்.

கறுப்புத் திரை, பச்சை எழுத்து, என்றாள்.
மேல்வரிசை விசைகளின் தலைமாட்டில்
ஒரு பிளாஸ்டிக் பட்டை வைப்போம்,
எதை அழுத்தினால் என்ன என்று நான்கு நிறத்தில்.
காப்பி கொட்டி எஃப் ஏழு மட்டும் அழிந்துபோனது.
என்ன ஆகுமோ என்று
இரண்டு வருஷம் அதைத் தொடவே இல்லை.
பிறகு மெனு வந்தது, ஜன்னல் சீலைபோல் இறங்கும்.
பிறகு படங்கள். கத்தரிக்கோல், பசைக்குப்பி,
ஒரு பூதக்கண்ணாடி, ஒரு பைனாகுலர்.
எதற்கு எது என்று இன்றுவரை தெரியாது.
பிறகு ஒரு வருஷம் மெனு தானாகவே சுருங்கியது.
நான் தொடாததை எல்லாம் ஒளித்துவைத்தது.
வரிப் படிவத்தை வருஷத்துக்கு ஒருமுறைதானே தொடுவேன்?
ஜனவரியில் அதைத் தேடி அழுதிருக்கிறேன்,
எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதிக்கொண்டேன்.

டெஸ்மண்ட் கார்வரின் புதிய பட்டை அவள்முன் விரிந்தது.
இறங்கும் மெனு ஒன்றும் கிடையாது.
எல்லாம் வெளியே, மீன்கடைபோல், பார்த்து எடுக்கலாம்.
மூன்று வருஷ உழைப்பு.
அழகாகவும் இருந்தது, மறுக்க மாட்டேன்.

ஆறு பணிகளைத் தட்டுத்தடுமாறி முடித்தாள்.
ஏழாவது: சூத்திரத்தை விட்டுவிட்டு
மதிப்பை மட்டும் ஒட்டுக.
முன்வந்த ஐவரில் நால்வர் விழுந்த இடம்.

அவள் பார்வை போகும் இடம் எங்கள் திரையில்
சிவப்புப் புள்ளியாகத் தெரியும்.
புள்ளி இடக்கோடியில் புறப்பட்டு
வலக்கோடிவரை போய்த் திரும்பிற்று,
சாவி தொலைத்தவர்
ஒரே பையை நான்காம் முறை துழாவுவதுபோல்.
ஒரு நிமிடம். ஒன்றரை.
இடது, இடது, என்று முணுமுணுத்தான் டெஸ்மண்ட்.

சலித்துப்போய்ச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.
படகு நேரமோ என்னவோ.
புள்ளி திரையைவிட்டு வெளியேறிற்று.
அந்த நேரம் பார்த்து அவள் கை
ஆல்ட். ஈ. எஸ். வி. என்டர்.

ஒட்டியாயிற்று.

எடிட் என்ற மெனுவே அங்கே இல்லை.
இடித்துத் தள்ளிய வீட்டின்
இல்லாத வாசற்படிக்குக் காலைத் தூக்கிவைத்து
உள்ளே போய் ஸ்விட்சைப் போடுகிறாள்,
விளக்கு எரிகிறது.

யார் விட்டுவைத்தது இதை?
டெஸ்மண்ட் எழுந்தே நின்றுவிட்டான்.
நான்தான், என்றாள் பின்வரிசையில் யூன்ஹீ பேக்,
பிட்சா ஓரத்தைக் கடித்தபடி.
பழைய விசைவரிசை எல்லாமே இருக்கிறது.
ஒரே ஒரு கோப்பு, நாற்பது கேபி.
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என் படிவத்தில் மூன்று கட்டம்.
நேரம்: ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி.
பிழை: இல்லை.
சென்ற வழி:

மைக்கை அழுத்தினேன். எப்படிச் செய்தீர்கள்?
டாக்னி குனிந்து விசைப்பலகையைப் பார்த்தாள்.
எதை?
நான் இன்னும் செய்யவே இல்லையே.

அறிக்கையில் அவள் வரியை நீக்கினோம்.
கோப்பை நீக்கவில்லை; அதற்குள் வேறு சண்டை வந்துவிட்டது.
அப்புறம் பொத்தான்கள் நிழலை உதறின,
விளிம்பை உதறின, பெயரையும் உதறின.
இப்போது வெறும் பெட்டி ஒன்று
என்ன செய்ய வேண்டும் என்று மரியாதையாகக் கேட்கிறது.
எனக்குச் சட்டென்று பதில் வருவதில்லை.

அன்றைக்குக் கோப்பையை மறந்துவிட்டுப் போனாள் டாக்னி.
வேறு கம்பெனிக்குப் போகும்வரை
யூன்ஹீ அதில்தான் பேனா போட்டுவைத்திருந்தாள்.
பாதிப் பேனா எழுதாது.